வரி முடிஞ்சுது, சொல் முடியேல்லை! இது தெரியுமா?

வரியின் ஓரத்தில் இடம் போதாவிட்டால் ஆங்கிலச் சொல்லை ஒரு சிறுகோடு போட்டு வெட்டி, மிச்சத்தை அடுத்த வரிக்கு அனுப்புவார்களே, கவனித்திருக்கிறீர்களா? அந்த ஹைபனுக்குப் பின்னால் இவ்வளவு கூத்தா!

அச்சடிக்க வந்தவரையே திருப்பி அனுப்பினார்கள், தெரியுமா?
1820இல் ஜேம்ஸ் கரெற் என்ற அமெரிக்க அச்சாளர் யாழ்ப்பாணம் வந்தார். பிரித்தானிய ஆட்சி அவரைத் தங்க விடவில்லை, பம்பாய்க்குப் போய்விட்டார். 1834இல் ஈஸ்ற்மன் மைனர் வந்த பிறகுதான் மானிப்பாய் அமெரிக்க மிஷன் அச்சகம் சூடுபிடித்தது. 1841இல் 'உதயதாரகை' பிறந்தது. தமிழும் ஆங்கிலமும் ஒரே பத்திரிகையில், வரியோரத்தில் சொல்லை வெட்டும் விதியோ வேறு வேறு!

தமிழ்ச் சொல்லை வெட்ட அகராதியே வேண்டாம், தெரியுமா?
புள்ளி வைத்த எழுத்து அடுத்த வரியின் தலையில் ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும். 'மானிப்' இந்த வரியில், 'பாய்' அடுத்த வரியில்: சரி. 'மானி' என்று நிறுத்தி 'ப்பாய்' என்று தொடங்கினால் கண் இடறும். ஓலைச்சுவடியிலோ சிறுகோடும் கிடையாது, சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது!

ஒரே ஆங்கிலத்துக்கு இரண்டு கத்தரிக்கோல், தெரியுமா?
பழைய பிரித்தானிய வழக்கம் சொல்லின் வேரைப் பார்த்து வெட்டும்: டெமோ-கிரசி. அமெரிக்க வழக்கம் உச்சரிப்பைப் பார்த்து வெட்டும்: டெமொக்-ரசி. உச்சரிப்புக் கட்சியின் தலைவர் நோவா வெப்ஸ்ரர். 1783இல் வந்த அவருடைய எழுத்துக்கூட்டல் புத்தகத்தை வைத்துத்தான் அமெரிக்கப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக வாசிக்கப் பழகினார்கள். யாழ்ப்பாணத்தைப் பாருங்கள்: ஆண்டது பிரித்தானியர், வட்டுக்கோட்டைச் செமினரியில் 1823 முதல் பாடம் சொன்னது அமெரிக்கர்!

ஒன்பது எழுத்து, ஆனாலும் வெட்ட முடியாது, தெரியுமா?
'ஸ்ட்ரெங்த்ஸ்' ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்து. ஆனால் ஒரே ஓர் உயிரொலி, ஆகவே ஒரே அசை. வரியில் இடமில்லையா? முழுச் சொல்லும் கீழே இறங்க வேண்டியதுதான்! 'எபவுட்' இரண்டு அசை. அதையும் தொடக்கூடாது, வரியோரத்தில் ஒற்றை 'ஏ' அநாதையாக நிற்குமே! 'லெஜன்ட்' சொல்லை விதிப்படி வெட்டினாலோ முதல் வரியில் 'லெக்', அதாவது கால். அடுத்த வரியில் 'என்ட்', அதாவது முடிவு!

கம்பியூட்டரும் கைவிரித்த சொற்கள் உண்டு, தெரியுமா?
1983இல் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் லியாங் 4,447 எழுத்துக்கோலங்களைக் கொண்டு கணினிக்குச் சொல் வெட்டக் கற்றுக்கொடுத்தார். ஆய்வேட்டின் தலைப்பையே அசை அசையாகக் கோடு போட்டு வெட்டியிருந்தார்! ஆனால் 'பிரசென்ட்' என்றால் என்ன செய்வது? பரிசு என்றால் 'பிரெஸ்-என்ட்', வழங்கு என்றால் 'பிரி-சென்ட்'. எழுத்து ஒன்று, வெட்டு இரண்டு! 'புரொஜெக்ட்' சொல்லும் அப்படியே. அதனால் லியாங்கின் முறையைப் பயன்படுத்தும் 'டெக்' என்ற அச்சுக்கோப்பு மென்பொருளின் விதிவிலக்குப் பட்டியலில் இந்த இரண்டுக்கும் ஒரே கட்டளை: வெட்டாதே!

காங்கேசன்துறையை எங்கே வெட்டுவது, தெரியுமா?
நம் யாப்புக்கு இது தண்ணீர் பட்ட பாடு: காங்-கே-சன்-துறை. நேர், நேர், நேர், நிரை. ஆங்கிலத்தில் எழுதினால் பதினான்கு எழுத்து. 'டீ'க்கும் 'எச்'சுக்கும் நடுவே தவறிக் கோடு விழுந்தால் துறை 'ஹுறை' ஆகிவிடும்! ஊர்ச்சனம் அந்த வில்லங்கத்துக்கே போகவில்லை. பஸ் பலகையிலும் வீதிப் பெயரிலும் மூன்றே எழுத்து: கே.கே.எஸ். இனி எங்கே வெட்டுவீர்கள்?