பேய்ப் படம் பார்க்கலாமா, பாப்பா?

அக்டோபர் 31-ந் தேதி. அமெரிக்காவில் பொழுது சாய்ந்ததும் தெருவெல்லாம் பேய்கள்!

வெள்ளைத் துணி போர்த்திய பேய். கூம்புத் தொப்பி வைத்த சூனியக்காரி. நடக்கும் எலும்புக்கூடு. எல்லாம் மூன்றடி, நாலடி உயரம்தான். ஆம், அவர்கள் குழந்தைகள்! வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுகிறார்கள். "மிட்டாய் தருகிறீர்களா? குறும்பு செய்யட்டுமா?" என்று கேட்கிறார்கள். பை நிறைய மிட்டாய் சேர்ந்து விடுகிறது.

இதுதான் "ஹாலோவீன்" பண்டிகை. கிறிஸ்தவர்கள் நவம்பர் 1-ந் தேதியைப் புனிதர் அனைவரின் திருநாளாகக் கொண்டாடுகிறார்கள். அதற்கு முந்திய இரவு இது. அயர்லாந்தில் இருந்து குடியேறிய மக்கள் இந்தப் பழக்கத்தை அமெரிக்காவுக்குக் கொண்டு வந்தார்கள். சொந்த நாட்டில் அவர்கள் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். அமெரிக்காவில் பெரிய பெரிய பரங்கிக்காய் கிடைத்தது. அதில் கண், மூக்கு, வாய் வெட்டி, உள்ளே விளக்கு ஏற்றினார்கள்.

மிட்டாய் வாங்கி வந்த பிறகு? வீட்டில் எல்லோரும் கூடி உட்கார்ந்து படம் பார்ப்பார்கள். பேய்ப் படம்!

தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. எட்டு வயது அண்ணன் விழுந்து விழுந்து சிரிப்பான். நாலு வயதுத் தங்கை அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக் கொள்வாள். படம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்து விடும். அவளுடைய பயம் முடியாது. விளக்கை அணைக்க விட மாட்டாள். கட்டிலுக்கு அடியில் பார்க்கச் சொல்வாள்.

ஆகவே, படத்தைப் பெற்றோர்தான் பார்த்துப் பொறுக்க வேண்டும். எப்படிப் பொறுக்குவது?

பச்சை முகக்காரி

1939-ல் "தி விசார்ட் ஆப் ஓஸ்" என்ற படம் வந்தது. அதில் பச்சை முகமும் கூரிய மூக்கும் கொண்ட சூனியக்காரி ஒருத்தி வருவாள். அந்த வேடத்தில் நடித்தவர் மார்கரெட் ஹாமில்டன். சினிமாவுக்கு வருவதற்கு முன் அவர் என்ன வேலை பார்த்தார், தெரியுமா? பாலர் பள்ளி ஆசிரியை!

1956-ல் இந்தப் படத்தை டெலிவிஷனில் காட்டினார்கள். சூனியக்காரி வீட்டுக்குள்ளேயே வந்து விட்டாள். குழந்தைகள் நடுங்கினார்கள். 1976-ல் "செசமி ஸ்ட்ரீட்" என்ற குழந்தைகள் நிகழ்ச்சியில் அவர் அதே வேடத்தில் தோன்றினார். குழந்தைகள் பயந்து அழுவதாகப் பெற்றோரிடம் இருந்து புகார்க் கடிதங்கள் வந்தன. அந்தப் பகுதியை நிகழ்ச்சியில் மறுபடியும் காட்டாமல் நிறுத்தி விட்டார்கள்.

ஆனால் அதற்கு முந்திய ஆண்டு, 1975-ல், அவர் வேறு ஒரு காரியம் செய்தார். பிரெட் ரோஜர்ஸ் நடத்திய குழந்தைகள் நிகழ்ச்சிக்குச் சாதாரண உடையில் வந்தார். சிரித்துப் பேசினார். பிறகு பாவாடை, மேலங்கி, தொப்பி என்று ஒவ்வொன்றாகக் குழந்தைகளின் கண் முன்னாலேயே அணிந்து கொண்டார். "இது வெறும் வேடம்" என்பதைப் புரிய வைத்தார்.

எதற்குப் பயப்படுவார்கள்?

விஸ்கான்சின் பல்கலைக் கழகப் பேராசிரியை ஜோன் கேன்டர் இதைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். சின்னஞ்சிறு குழந்தைகள் உருவத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்று அவர் கண்டார். "ஹல்க்" என்ற தொடரின் நாயகன் நல்லவன், பிறருக்கு உதவுகிறவன். ஆனாலும் அவன் பச்சை ராட்சசனாக மாறும்போது பாலர்கள் அலறினார்கள். நல்லவன், கெட்டவன் என்பது அவர்களுக்கு எட்டவில்லை. முகம் மாறியதுதான் தெரிந்தது.

வளர்ந்த பிள்ளைகள் அப்படி அல்ல. உருவத்தைக் கண்டு சிரிப்பார்கள். ஆனால் திருடன், தீ, கடத்தல் போன்ற நடக்கக்கூடிய விஷயங்கள் அவர்களைக் கலக்கும்.

எழுத்தைப் பாருங்கள்

அமெரிக்கப் படங்களுக்கு 1968 முதல் தர எழுத்து கொடுக்கிறார்கள். "ஜி" என்றால் எல்லோரும் பார்க்கலாம். "பி.ஜி." என்றால் பெற்றோர் யோசித்துக் காட்ட வேண்டும். "ஆர்" என்றால் 17 வயது ஆகாதவர்கள் பெரியவர் துணையோடுதான் தியேட்டருக்குள் போகலாம்.

1984-ல் "கிரெம்லின்ஸ்" என்ற படம் "பி.ஜி." எழுத்தோடு வந்தது. அழகான குட்டிப் பிராணி என்று நம்பிக் குழந்தைகளோடு போனவர்கள், உள்ளே நடந்த கொடுமைகளைக் கண்டு திடுக்கிட்டார்கள். இந்தப் படத்தாலும், அதே ஆண்டு வந்த "இண்டியானா ஜோன்ஸ்" படத்தாலும் "பி.ஜி.-13" என்ற புது எழுத்து பிறந்தது.

பெயரை மட்டும் பார்த்து ஏமாறவும் கூடாது. 1978-ல் வந்த "ஹாலோவீன்" என்ற படம் கொலைகாரன் கதை. அதன் எழுத்து "ஆர்". குழந்தைகள் இருக்கும் அறையில் அதற்கு இடம் இல்லை!

எந்த வயதுக்கு எந்தப் படம்?

மிகச் சிறியவர்களுக்கு "இட்ஸ் தி கிரேட் பம்ப்கின், சார்லி பிரவுன்" ஏற்றது. 1966-ல் வந்த கார்ட்டூன். அரை மணி நேரம்கூட ஓடாது. பரங்கித் தோட்டத்தில் ஒரு சிறுவன் "பரங்கிக்காய்ச் சாமி" வரும் என்று இரவெல்லாம் காத்திருக்கிறான். சார்லி பிரவுனுக்கோ எந்த வீட்டிலும் மிட்டாய் கிடைப்பதில்லை, கல்தான் கிடைக்கிறது!

ஐந்து, ஆறு வயதானால் "வாலஸ் அண்டு குரோமிட்" (2005) காட்டலாம். களிமண் பொம்மைகள் நடிக்கும் படம். இரவில் பூதாகாரமான முயல் ஒன்று காய்கறித் தோட்டங்களைக் காலி செய்கிறது. இதன் எழுத்து "ஜி".

ஏழு வயதுக்கு மேல் "ஹோட்டல் டிரான்சில்வேனியா" (2012). டிராகுலா இதில் ரத்தம் குடிக்கும் அரக்கன் அல்ல. மகளைப் பிரிய மனம் இல்லாத அப்பா!

"ஹோகஸ் போகஸ்" (1993) வேடிக்கைப் படம்தான். ஆனால் தொடக்கத்திலேயே சூனியக்காரிகளிடம் ஒரு சிறுமி உயிர் இழக்கிறாள். "கோரலைன்" (2009) படத்தில் அம்மாவைப் போலவே ஒருத்தி வருகிறாள். கண் இருக்கும் இடத்தில் பொத்தான்! இரண்டும் "பி.ஜி." படங்களே. என்றாலும் ஒன்பது, பத்து வயது வரை பொறுத்திருப்பது நல்லது.

பார்க்கும் முறை

முதலில் நீங்கள் தனியாகப் பாருங்கள். காட்டும்போது அறையில் ஒரு விளக்கு எரியட்டும். உறங்கும் நேரத்துக்கு வெகு முன்பே படம் முடியட்டும். குழந்தை "போதும்" என்றால் உடனே நிறுத்துங்கள். "இதற்கா பயப்படுகிறாய்?" என்று அண்ணன் கேலி செய்யும்படி விடாதீர்கள்.

பயந்து விட்டால்? சின்னக் குழந்தையிடம் "அது பொய்" என்று விளக்கிப் பயன் இல்லை. அணைத்துக் கொள்ளுங்கள். குடிக்க ஏதாவது கொடுங்கள். மறுநாள் பழைய துணியும் தொப்பியும் கொடுத்து, அவளையே சூனியக்காரி வேடம் போடச் சொல்லுங்கள். வேடம் தன் கையில் வந்ததும் பயம் குறையும்.

2001-ல் வந்த "மான்ஸ்டர்ஸ் இன்க்." என்ற படத்தில் பூதங்களுக்கு ஓர் ஊர் உண்டு. குழந்தைகளின் அலறலில் இருந்துதான் அந்த ஊருக்கு மின்சாரம்! கடைசியில் பூதங்கள் ஓர் உண்மையைக் கண்டு கொள்கின்றன. அலறலைவிடச் சிரிப்பில்தான் மின்சாரம் அதிகம்!

அண்ணனும் தங்கையும் சேர்ந்து சிரிக்கும் படமே, வீட்டுக்கு ஏற்ற பேய்ப் படம்.