லாட்ஜ் வெந்நீர்... வெதுவெதுப்பு போதுமா?

தை மாசம். தேனியில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். லாட்ஜில் ரூம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். விடிகாலை நாலரை மணிக்கு 'ஹாட் வாட்டர்' குழாயைத் திறக்கிறீர்கள். ஒரு வாளி நிறைந்த பிறகும் தண்ணீர் ஜில்லென்றுதான் வருகிறது. ரூம் பாயைக் கூப்பிட்டால், "தொறந்து விட்ருங்க சார், வந்துரும்" என்கிறார்.

அவர் சொல்வது சரிதான். மொட்டை மாடி டேங்க்கில் வெந்நீர் இருக்கிறது. ஆனால், ராத்திரி முழுக்க பைப்பிலேயே நின்று ஆறிப்போன தண்ணீர் முதலில் வெளியே வந்தாக வேண்டுமே! வீட்டு கீஸரில் பைப் சில அடி நீளம்தான். முப்பது, நாற்பது ரூம் உள்ள கட்டடத்தில் அப்படியா?

இதற்குத்தான் பெரிய ஹோட்டல்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் வெந்நீரைச் சுற்ற விடுகிறார்கள். கடைசி ரூம்வரை போன பைப்பிலிருந்து 'ரிட்டர்ன் பைப்' ஒன்று டேங்க்குக்கே திரும்பி வரும். ஒரு சின்ன பம்ப், தண்ணீரை நிற்கவிடாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். குழாயைத் திறந்ததும் சூடாக வரும்.

பம்ப் மட்டும் போதாது. தண்ணீர் சோம்பேறி. கிட்டத்து வழியாகவே திரும்பிவிடப் பார்க்கும். கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகளுக்கு இது சட்டென்று புரியும். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர், லோயர் கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டிவரை 14,707 ஏக்கருக்குப் பாய வேண்டும். தலைமடையில் மதகை முழுசாகத் திறந்துவிட்டால் கடைமடை என்னாகும்? பைப்பிலும் அதே கதைதான். ஒவ்வொரு வரிசையின் ரிட்டர்ன் பைப்பிலும் ஒரு வால்வு வைத்து, பக்கத்து வரிசையைக் குறுக்கி, தூரத்து வரிசையைத் தாராளமாகத் திறக்க வேண்டும். இல்லையென்றால் கடைசி ரூம்களில் எப்போதும் வெதுவெதுப்புதான்.

'வெதுவெதுப்பா வந்தா குளிக்க சுகம்தானே?' என்கிறீர்களா... அங்கேதான் வம்பு!

1976 ஜூலையில், அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகர ஹோட்டல் ஒன்றில் முன்னாள் ராணுவத்தினர் மாநாடு நடந்தது. அதையொட்டி இருநூறுக்கும் மேற்பட்டவர்களுக்குக் கடும் நிமோனியா. 34 பேர் இறந்தார்கள். 1977-ல் கண்டுபிடிக்கப்பட்ட கிருமிக்கு 'லெஜியோனெல்லா' என்று பெயர். அங்கே சந்தேகம் ஏ.சி. இயந்திரத்தின் மேல்தான் விழுந்தது. ஆனால், கட்டடங்களின் வெந்நீர்ப் பைப்களும் இந்தக் கிருமிக்குப் பிடித்த வீடு என்பது பிறகு தெரிந்தது. 25 முதல் 45 டிகிரிவரை அது ஜோராகப் பெருகும். 50-க்கு மேல் பெருகாது. 60-ல் சில நிமிஷங்களில் சாகும். ஆகவே டேங்க்கில் 60, திரும்பி வரும் பைப்பில் 50-க்குக் குறையாமல்... இதுதான் கணக்கு.

நம் பக்கத்து லாட்ஜ்களில் சோலார் ஹீட்டர் சகஜம். ஆடிச் சாரலில் கம்பம், கூடலூர் பக்கம் வெயிலே எட்டிப் பார்க்காது. டேங்க் நாற்பது டிகிரியிலேயே நின்றுவிடும். சூட்டை ஏற்ற கரண்ட் காயிலும் கூடவே இருக்க வேண்டும். கரண்ட் பில்லுக்குப் பயந்து பம்ப்பை நாள்பூரா நிறுத்திவைப்பதும் தப்பு. பைப்புக்குச் சூடு இறங்காத உறை போட்டாலே பில் குறையும்.

இந்தக் கிருமி ஆளுக்கு ஆள் தொற்றுவது கிடையாது. ஷவரில் தெறிக்கும் பொடித்துளிகள் மூச்சோடு உள்ளே போனால்தான் ஆபத்து. அதிலும் ஐம்பது தாண்டியவர்கள், சர்க்கரை நோயாளிகள், புகை பிடிப்பவர்கள் உஷார்! பல நாள் பூட்டிக் கிடந்த ரூம் என்றால், பாத்ரூம் ஜன்னலைத் திறந்து, குழாயையும் ஷவரையும் சில நிமிஷம் ஓடவிட்டு வெளியே வந்து நில்லுங்கள். ஷவரைவிட வாளியும் சொம்பும் மேல். ஊர் திரும்பி இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் வந்தால், 'லாட்ஜில் தங்கினோம்' என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பென்சிலின் வகை மருந்துகளுக்கு இது கட்டுப்படாது. வேறு மருந்து தர வேண்டும்.

இன்னொன்று. 60 டிகிரித் தண்ணீர் ஐந்தாறு விநாடியில் தோலைப் பொசுக்கிவிடும். குழந்தைகளுக்கும் தாத்தா பாட்டிக்கும் இன்னும் சீக்கிரம். நல்ல ஹோட்டல்களில் குழாய்க்குப் பக்கத்திலேயே பச்சைத் தண்ணீரைக் கலந்து சூட்டைக் குறைக்கும் வால்வு இருக்கும். அது இல்லாத இடத்தில் முதலில் வாளியில் பச்சைத் தண்ணீர், அப்புறம் வெந்நீர். கையை விட்டுப் பார்த்துவிட்டுப் பிள்ளையைக் கூப்பிடுங்கள்.