ஆசியக் கோப்பையும் ஆடாத ஆண்டுகளும்

2025 ஜூலை 5-ஆம் தேதி, தாய்லாந்தின் சியாங் மாய் நகரில், போட்டியை நடத்திய தாய்லாந்தையே இந்திய மகளிர் கால்பந்து அணி 2-1 என்ற கோல் கணக்கில் வென்றது. 28-ஆவது நிமிடத்திலும் 74-ஆவது நிமிடத்திலும் கோல் அடித்தவர் மேற்கு வங்கத்தின் சங்கீதா பாஸ்ஃபோர். 2026 மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் நடைபெறுவதாக அறிவிக்கப்பட்ட மகளிர் ஆசியக் கோப்பைக்கு இந்தியா தகுதி பெற்றது இப்படித்தான். அதே நாளில் பர்மிங்ஹாம் டெஸ்டில் ஷுப்மன் கில் அந்த ஆட்டத்தின் இரண்டாவது சதத்தை அடித்திருந்தார். மறுநாள் விளையாட்டுப் பக்கத்தில் கால்பந்துச் செய்தியைத் தேடித்தான் படித்தேன்.

அந்தச் செய்தியில் ஒரு சொல் என்னை நிறுத்தியது: 'முதன்முறையாக'. தகுதிச்சுற்றில் ஆடி வென்று இந்தியா ஆசியக் கோப்பைக்குச் செல்வது இதுவே முதன்முறை என்பது உண்மைதான். ஆனால், இதே போட்டியில் இருமுறை இரண்டாம் இடம் பெற்ற நாடு இந்தியா என்பதும் உண்மை. இவ்விரண்டு உண்மைகளுக்கும் இடையே நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு கதை இருக்கிறது.

மகளிர் ஆசியக் கோப்பை, ஆசிய கால்பந்துக் கூட்டமைப்பு தொடங்கிய போட்டி அன்று. 1968-இல் ஹாங்காங்கில் உருவான ஆசிய மகளிர் கால்பந்துக் கூட்டமைப்பு என்ற தனி அமைப்பு, 1975-இல் முதல் போட்டியை அதே நகரில் நடத்தியது. இந்தியாவிலும் அப்படித்தான். 1975-இல் லக்னௌவில் மகளிருக்கென ஒரு சம்மேளனம் உருவாகி, தேசிய அளவிலான போட்டிகளைத் தொடங்கியது. ஆண்களின் கால்பந்து அமைப்புகள் பாராமுகமாக இருந்த காலத்தில், பெண்களின் ஆட்டம் தனக்கென ஒரு வீட்டைத் தானே கட்டிக்கொண்டது.

அந்த வீட்டின் சிறந்த நாள்கள் 1980-இல் கோழிக்கோட்டில் அமைந்தன. அங்கே நடந்த ஆசியப் போட்டியில் இந்தியா இரண்டு அணிகளைக் களமிறக்கியது. அவற்றில் ஒன்று இறுதியாட்டம் வரை சென்று சீன தைபேயிடம் தோற்றது. 1981-இல் மூன்றாம் இடம். 1983-இல் பாங்காக்கில் மீண்டும் இரண்டாம் இடம். அன்று பங்கேற்ற நாடுகள் குறைவு, சீனா களத்துக்கே வரவில்லை என்று சிலர் இந்தச் சாதனையைக் குறைத்து மதிப்பிடுவர். அதில் நியாயம் உண்டு. ஆனால், அன்று இந்தியாவோடு ஒரே வரிசையில் நின்றவர்கள் பிறகு எங்கே போனார்கள், நாம் எங்கே நின்றோம் என்பதையும் பார்க்க வேண்டும். அந்தத் தாய்லாந்து 2015, 2019 உலகக் கோப்பைகளில் ஆடிவிட்டது.

1986-இல் மகளிர் கூட்டமைப்பு ஆசிய கால்பந்துக் கூட்டமைப்போடு இணைந்தது. அதே ஆண்டு அறிமுகமான சீனா, 1999 வரை தொடர்ந்து ஏழு முறை கோப்பையை வென்றது. 1991-இல் முதல் மகளிர் உலகக் கோப்பை சீனாவிலேயே நடந்தது. 1996-இல் ஒலிம்பிக்கிலும் மகளிர் கால்பந்து இடம்பெற்றது. பதக்கமும் உலகக் கோப்பையும் கண்ணுக்குத் தெரிந்தவுடன் பல நாடுகள் பணத்தையும் பயிற்சியையும் இதில் கொட்டின. இந்தியாவிலும் மகளிர் ஆட்டத்தின் பொறுப்பு அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் கைக்கு வந்தது. வந்ததே தவிர, ஆட்டங்கள் பெருகவில்லை. 2009-இல், பதினெட்டு மாதங்களுக்கு மேல் ஒரு சர்வதேச ஆட்டம்கூட ஆடாததால், உலகத் தரவரிசைப் பட்டியலிலிருந்தே இந்தியாவின் பெயர் நீக்கப்பட்டது. தோற்றுக் கீழிறங்குவது வேறு. ஆடாமலேயே காணாமற்போவது வேறு.

2022-இல் ஒரு வாய்ப்பு வீடு தேடி வந்தது. போட்டியை நடத்தும் நாடு என்ற முறையில் தகுதிச்சுற்று இல்லாமலே இந்தியா நேரடியாக இடம்பெற்றது. ஜனவரி 20-ஆம் தேதி நவி மும்பையில் ஈரானுடன் கோலின்றி டிரா. மூன்று நாள் கழித்துச் சீன தைபேயுடனான ஆட்டத்துக்குத் தொலைக்காட்சி முன் அமர்ந்தவர்களில் நானும் ஒருவன். ஆட்டம் நடக்கவில்லை. அணிக்குள் கரோனா பரவியிருந்தது. களமிறங்கத் தேவையான குறைந்தபட்சம் 13 வீராங்கனைகள் இந்திய முகாமில் தேறவில்லை. விதிப்படி இந்தியா போட்டியிலிருந்தே விலகியதாகக் கருதப்பட்டது. ஈரானுடன் ஆடிய ஆட்டமும் செல்லாததாயிற்று. சொந்த மண்ணில் நடந்த ஆசியக் கோப்பையின் கணக்கேட்டில் இந்தியாவுக்கு ஓர் ஆட்டம்கூட இல்லை. அந்த அணியில் கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசனும் இருந்தார். பொது முடக்க நாள்களில் காவல் உதவி ஆய்வாளராகச் சாலையில் நின்று பணியாற்றியவர் அவர்.

சியாங் மாயின் மதிப்பு இந்தப் பின்னணியில்தான் விளங்கும். தகுதிச்சுற்றில் 34 அணிகள், எட்டுக் குழுக்கள். ஒவ்வொரு குழுவிலும் முதலிடம் பெறும் அணிக்கு மட்டுமே வாய்ப்பு. இரண்டாம் இடத்துக்கு ஒன்றுமில்லை. மங்கோலியாவை 13-0, தைமூர் லெஸ்தேவை 4-0, இராக்கை 5-0 என வென்ற பிறகும், கடைசி ஆட்டத்தில் தோற்றிருந்தால் இந்தியா வெறுங்கையோடுதான் திரும்பியிருக்கும். ஆண்களுக்கான ஆசியக் கோப்பையில் 24 அணிகளுக்கு இடமுண்டு. மகளிருக்கு 12 தான். அதுவும் 2018 வரை எட்டாக இருந்தது.

பரிசுத் தொகையில் இடைவெளி இன்னும் பெரியது. மகளிர் ஆசியக் கோப்பையில் முதன்முறையாகப் பரிசுத் தொகை வழங்கப்பட்டதே 2022-இல்தான். மொத்தம் 18 லட்சம் டாலர். அதற்கு அடுத்து நடந்த ஆண்கள் போட்டியில் அது 1 கோடியே 48 லட்சம் டாலர். அந்த ஆண்கள் போட்டியில் இந்திய அணி மூன்று ஆட்டங்களிலும் தோற்று, ஒரு கோல்கூட அடிக்காமல் ஊர் திரும்பியது என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆஸ்திரேலியப் போட்டியில் கோப்பையைவிடப் பெரிய ஒன்றும் காத்திருந்தது. 2027-இல் பிரேஸிலில் நடைபெறவுள்ள உலகக் கோப்பைக்கான ஆசியத் தகுதிப் போட்டியும் இதுவே. பன்னிரண்டு அணிகள் மூன்று குழுக்களாக ஆடும். குழுவில் முதல் இரண்டு இடம் பெறும் அணிகளோடு, மூன்றாம் இடம் பெற்றவற்றில் சிறந்த இரண்டும் காலிறுதிக்குச் செல்லும். காலிறுதியில் வெல்லும் நான்கு அணிகளுக்கு உலகக் கோப்பையில் நேரடி இடம். தோற்கும் நான்கும் தமக்குள் மோதி, இரண்டு அணிகள் உள்ளே செல்லும். எஞ்சிய இரண்டுக்கும் பிற கண்டங்களின் அணிகளோடு ஆடிப் பார்க்க ஒரு கடைசி வாய்ப்பு. ஆக, காலிறுதிக்குள் நுழையும் எட்டு அணிகளுக்கும் உலகக் கோப்பையின் கதவு ஏதோவொரு வகையில் திறந்தே இருக்கும். குழுவில் ஒரே ஒரு வெற்றிகூட இந்தியாவை அந்தக் கதவுவரை கொண்டுசென்றிருக்கக்கூடும்.

அந்த ஒரு வெற்றிக்கு வேண்டிய ஆட்டப் பயிற்சி எங்கிருந்து வரும்? இந்திய மகளிர் லீக் தொடங்கியது 2017-இல்தான். மதுரையின் சேது எஃப்.சி. 2019-இல் அதன் சாம்பியனானபோது, மொத்தப் போட்டியும் லூதியானாவில் மூன்று வாரங்களுக்குள் முடிந்துவிட்டது. சொந்த ஊரிலும் எதிரணியின் ஊரிலுமாக மாறி மாறி ஆடும் முறை 2023-24-இல்தான் வந்தது. 2024-25 பருவத்தில் எட்டு அணிகள். ஓர் அணிக்கு 14 ஆட்டங்கள். முன்பைவிட இது பெரிய முன்னேற்றம். ஆனால், பதினான்கு ஆட்டங்களை நம்பி ஒருவர் ஆண்டு முழுவதும் கால்பந்து வீராங்கனையாக வாழ முடியாது. காவல் துறையும் ரயில்வேயும் தரும் வேலைகள்தாம் பலரை இன்னும் ஆட்டத்தில் நிறுத்தி வைத்திருக்கின்றன. 2018-இலும் 2023-இலும் தேசிய சாம்பியன்ஷிப்பை வென்ற தமிழகத்துக்கும் இது பொருந்தும்.

சிட்னியில் 2025 ஜூலை 29-ஆம் தேதி குழுக்களைப் பிரிக்கும் குலுக்கல் நடைபெற்றது. ஜப்பானோ, சீனாவோ, ஆஸ்திரேலியாவோ நம் குழுவில் வரலாம் என்ற நிலை இருந்தது. அதில் நம்மால் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை. குலுக்கலுக்கும் மார்ச்சுக்கும் இடையே ஏழு மாதங்கள் இருந்தன. அந்த ஏழு மாதங்களில் இந்த அணிக்கு எத்தனை சர்வதேச ஆட்டங்கள், யாரோடு, எங்கே என்ற அட்டவணையைத்தான் நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.