தாவணி என்னும் கயிறு

தென்மாவட்டங்களுக்கும் சென்னைக்கும் செல்லும் பேருந்துகள் இரவு பகல் என்ற பேதமின்றி வந்துபோகிற மதுரை மாட்டுத்தாவணியில் இறங்கும் வெளியூர்க்காரர்களில் பலர், தாவணி என்றதும் கன்னிப்பெண்கள் தரிக்கும் மேலாடையை நினைத்து, அதற்கும் மாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று மயங்குவது இயல்பே. அந்தத் தாவணி வேறு, இது கயிறு.

வடமொழியில் ‘தாமன்’ என்றால் கயிறு. யசோதை வயிற்றைச் சுற்றிக் கயிற்றால் உரலோடு பிணைத்ததனால் அன்றோ கண்ணனுக்குத் தாமோதரன் என்ற திருநாமம் வாய்த்தது! அச்சொல்லின் வழிவந்த ‘தாமனீ’, சிறு கயிறுகளைக் கொண்டு கன்றுகளை வரிசையாகப் பிணைத்துவைக்கும் நீண்ட பெருங்கயிற்றின் பெயர். மராத்தியில் அது ‘தாவண்’ ஆயிற்று. தமிழில் தாமணி என்றும் தாவணி என்றும் வழங்கி, நாளடைவில் கயிற்றைவிட்டு நகர்ந்து, மாடுகளைக் கட்டும் இடத்தையும் அங்கே கூடும் சந்தையையும் குறிக்கலாயிற்று.

கட்டுப்பாடு என்றதும் விலங்கையும் பூட்டையும் எண்ணிக் கசப்புறுவோர் இந்தக் கயிற்றின் அமைப்பைச் சற்று ஆராய வேண்டும். ஒவ்வொரு மாட்டுக்கும் தனித்தனியே ஒரு சிறு கயிறு; நிற்கவும் படுக்கவும் அசைபோடவும் இடம் உண்டு, அடுத்த மாட்டை முட்டத்தான் இடமில்லை. கட்டின்றித் திரியும் மாட்டைக் ‘கட்டாக்காலி’ என்று ஊரார் வைவதில், அவிழ்ந்துபோனதன்மேல் உள்ள வெறுப்பைவிடப் பிறர் பயிருக்கு நேரும் நாசத்தைப் பற்றிய கவலையே மிகுதி. செய்யுளில் சீர்களை இணைப்பதற்கும் நம் இலக்கணிகள் ‘தளை’ என்றே பெயரிட்டார்கள். தளை தட்டினால் வெண்பா இல்லை. இன்னும் வியப்பு, ‘தாமம்’ என்ற ஒரே சொல் கயிற்றுக்கும் பூமாலைக்கும் பொது. மாடு கட்டிய பெயரைத் தாங்கிய அதே மாட்டுத்தாவணியில் இன்று பூச்சந்தை நடக்கிறது. மதுரை மல்லிகை அங்கே குவிகிறது.

பேருந்து நிலையத்துக்கு எம்.ஜி.ஆர். பெயர் சூட்டப்பட்டிருந்தும், நடத்துநர்கள் கூவுவதும் பயணிகள் கேட்பதும் மாட்டுத்தாவணிதான். பெயர் பிழைத்துவிட்டது; கயிறுகளின் பெயர்கள் அவ்வாறு பிழைக்கவில்லை. மூக்கணாங்கயிறு, தலைக்கயிறு, தும்பு, தாம்பு என்பவற்றைக் கையால் பிடித்தறிந்த முதியவர்கள் மேலூர், அலங்காநல்லூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள். பள்ளி ஆசிரியர்களும் மாணவர்களும் அவர்களிடம் சென்று, அச்சொற்களைப் பொருளோடு கேட்டு, தாமதியாமல் எழுதிவைக்க வேண்டும்.