பாறைக்குள் உறங்கும் காற்று

தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூரை அடுத்த பொட்டிபுரத்தில் நின்று மேற்கே நோக்கினால், ஏலமலைத் தொடர் வானளாவி நிற்கக் காணலாம். மேலே ஏலத்தோட்டங்களைத் தழுவிவரும் குளிர்காற்று. கீழே அசையாதிருக்கும் பெரும்பாறை. இவ்விரண்டுக்கும் உறவேதும் இல்லை என்றே எண்ணத் தோன்றும். ஆனால், உலகம் ஐம்பூதங்களின் கலப்பு என்றார் தொல்காப்பியர். நாம் இன்று உயிர்க்கும் காற்றின் பெரும்பகுதி ஒருகாலத்தில் நிலத்துக்குள் அடங்கியிருந்தது என்கிறது புவிவேதியியல்.

காற்று பிறந்த கதை

புவி தோன்றி ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகள் ஆகின்றன. தொடக்கத்தில் அதனைச் சூழ்ந்திருந்த ஹைட்ரஜன், ஹீலியம் போன்ற மெல்லிய வளிகள் விண்வெளியில் கலைந்து மறைந்தன. புவியை உருவாக்கிய பொருள்களோடும் பின்னர் வந்து மோதிய விண்கற்களோடும் சேர்ந்த நீர், கரிமம், நைட்ரஜன் முதலியவை உள்ளே தங்கின. மேலோட்டுக்குக் கீழே ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை பரந்துள்ள கவசமே அவற்றின் பெருங்கருவூலம். எளிதில் ஆவியாகும் அப்பொருள்களை எரிமலைகள் வெளியே கொணர்ந்தன.

நீராவி குளிர்ந்து கடலாயிற்று. நைட்ரஜன் காற்றில் நிலைத்தது. கார்பன் டை ஆக்சைடின் பெரும்பகுதி கடலில் கரைந்து, சுண்ணாம்புக் கல்லாகப் படிந்தது. கடல் நிலைக்காத வெள்ளிக் கோளிலோ, அவ்வளி இன்றும் காற்றில் 96 விழுக்காட்டுக்கு மேல் நிறைந்து அக்கோளை உலைக்களமாக வைத்திருக்கிறது. ஆக்சிஜன் மட்டும் எரிமலையின் கொடையன்று. கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்கள் ஒளிச்சேர்க்கையால் ஆக்கிய அவ்வளி, ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பே காற்றில் சேரத் தொடங்கியது.

சான்று கூறும் வளிகள்

எவரும் நேரில் காணாத இந்நிகழ்ச்சியை எவ்வாறு அறிந்தனர்? எதனோடும் எளிதில் வினைபுரியாத மந்த வளிகளே இதற்குச் சான்று. வளிமண்டலத்தில் ஆர்கான் ஏறத்தாழ 0.93 விழுக்காடு உள்ளது. அதில் பெரும்பாலானது ஆர்கான்-40. இது பாறையிலுள்ள பொட்டாசியம்-40 கதிரியக்கத்தால் சிதைவதால் பிறப்பது. அப்பொட்டாசியத்தின் அரைவாழ்வுக் காலம் 125 கோடி ஆண்டுகள். ஆகவே, நம் ஒவ்வொரு மூச்சிலும் கலந்துள்ள ஆர்கான், பாறைக்குள் பிறந்து காலப்போக்கில் வெளியேறியதே ஆகும். மற்றொரு சான்று ஹீலியம்-3. புவி பிறந்தபோதே உள்ளே சிக்கிய இவ்வளி, கடலடி எரிமலைகள் வழியே இன்றும் கசிகிறது. கவசம் தன் பழைய மூச்சை இன்னும் முழுவதும் விட்டு முடிக்கவில்லை என்பதை இது காட்டுகிறது.

பொட்டிபுரத்துப் பாறை

பொட்டிபுரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க மத்திய அரசு 2015ஆம் ஆண்டில் ஒப்புதல் அளித்தது. விண்ணிலிருந்து பொழியும் பிற துகள்களைத் தடுக்க, ஏறத்தாழ 1 கிலோமீட்டர் கனமுள்ள உறுதியான பாறை மேலே கவிந்திருக்க வேண்டும். அதற்கு ஏற்றதென்றே இம்மலை தேர்ந்தெடுக்கப்பட்டது. மலையின் சூழலும் மக்களின் வாழ்வும் குறித்து எழுந்த எதிர்ப்புகளால் அத்திட்டம் இதுவரை நிறைவேறவில்லை. எனினும், அறிஞர்கள் தேடிவந்த அப்பாறைக்குத் தனியே ஒரு வரலாறு உண்டு.

அதன் பெயர் சார்னோக்கைட். கொல்கத்தாவில் உள்ள ஜோப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட், 1893ஆம் ஆண்டில் அதற்கு அப்பெயரைச் சூட்டினார். சென்னைக்கு அருகில் பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் காணப்படுவதும் இவ்வகைக் கல்லே. மேலோட்டின் ஆழத்தில், 700 பாகை செல்சியசுக்கும் மிகுந்த வெப்பத்தில் உருவாகும் இப்பாறையில் நீர் மிகக் குறைவு. தென்னிந்தியச் சார்னோக்கைட்டுகளின் படிகங்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தவர்கள், கண்ணுக்குப் புலப்படாத குமிழிகளில் அடர்ந்த கார்பன் டை ஆக்சைடு சிறைப்பட்டிருப்பதைக் கண்டனர்.

கவசத்திலிருந்து மேலெழுந்த கார்பன் டை ஆக்சைடு பாறையின் நீரை விரட்டியதால் சார்னோக்கைட் உருவாயிற்று என்பர் ஒரு சாரார். 1979ஆம் ஆண்டில் கர்நாடகத்தின் கப்பால்துர்கா பற்றி வெளிவந்த ஆய்வு, இக்கருத்து வலுப்பெற உதவியது. பாறை ஓரளவு உருகியபோது நீர் அவ்வுருகலோடு கலந்து பிரிந்துபோயிற்று என்பர் மறுசாரார். இவ்விவாதம் இன்றும் முடியவில்லை. ஒரே சான்றை இருவேறு வகையாகப் படித்து, எது பொருந்தும் என்று ஆராய்வதும் அறிவியலின் வழியே.

கொடுக்கலும் வாங்கலும்

வளியை வெளியிடும் நிலம், அதை மீட்டும் வாங்கிக்கொள்கிறது. மழைநீர் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்து மென்மையான அமிலமாகிறது. மலைப்பாறையை மெல்ல அரிக்கிறது. அவ்வாறு கரைந்தவற்றை, போடி மலைச்சரிவில் பிறந்து வைகையோடு கலக்கும் கொட்டக்குடி ஆறு போன்ற ஆறுகள் சுமந்து செல்கின்றன. அவை கடலை அடையும்போது சுண்ணாம்புப் படிவாகின்றன. கடலடித் தட்டுகள் கவசத்துள் அமிழும்போது, அக்கரிமத்தில் ஒரு பகுதி மீண்டும் உள்ளே செல்கிறது. பின்னொரு நாள் எரிமலையாய் வெளிப்படுகிறது.

இச்சுழற்சிக்குப் பல கோடி ஆண்டுகள் தேவை. நாமோ நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து, புதைந்திருந்த கரிமத்தை ஓரிரு நூற்றாண்டுகளிலேயே காற்றில் சேர்த்து வருகிறோம். எரிமலைகள் ஓராண்டில் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு, மனிதர் வெளியிடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து இலட்சம் பங்கில் 280 பங்காக இருந்த அவ்வளி, இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது.

ஏலமலைப் பாறைகள் இக்கரிமத்தைத் திரும்ப வாங்காமல் இரா. ஆனால், அவை தமக்குரிய காலத்தில்தான் வாங்கும். அம்மலைச்சரிவில் ஏலம் பயிரிடும் உழவர்க்கோ, பருவம் தவறாத மழை ஆண்டுதோறும் வேண்டும்.