கணினிக்குள் கள்ளன் – 6: தபாலில் வந்த ஃபிளாப்பி

1989 டிசம்பர், இரண்டாம் வாரம். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளோடு சேர்ந்து, பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் பல அலுவலக மேஜைகளுக்கு ஒரு தபால் உறை வந்தது. கிழித்துப் பார்த்தால் உள்ளே ஒரு ஃபிளாப்பி, அச்சடித்த தாள் ஒன்று. ஃபிளாப்பியின் லேபிளில் ‘எய்ட்ஸ் தகவல் – அறிமுக டிஸ்கெட், பதிப்பு 2.0’ என்று போட்டிருந்தது. அனுப்பியது ‘பிசி சைபோர்க் கார்ப்பரேஷன்’. யாரும் கேள்விப்பட்டிராத கம்பெனி.

ஆனால், பெரும்பாலானோருக்குச் சந்தேகம் வரவில்லை. கணினிப் பத்திரிகைகள் அட்டையோடு இலவச ஃபிளாப்பியை ஒட்டிக் கொடுத்த காலம் அது. எய்ட்ஸ் என்ற சொல்லைக் கேட்டாலே ஊர் நடுங்கிய காலமும் அதுதான். நோய்க்குக் காரணமான வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டே ஆறு ஆண்டுதான் ஆகியிருந்தது. கைவசம் இருந்த மருந்து ஏ.இசட்.டி. ஒன்றுதான். ‘உங்களுக்கு எய்ட்ஸ் வரும் ஆபத்து எவ்வளவு? கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள், கணினி கணக்குப் போட்டுச் சொல்லும்’ என்று ஒரு ஃபிளாப்பி வாசல் தேடி வந்தால், எவருக்குத்தான் போட்டுப் பார்க்கத் தோன்றாது?

இப்படி லண்டனிலிருந்து தபாலில் கிளம்பியவை சுமார் 20,000 ஃபிளாப்பிகள். முகவரிகளைத் திருடவேண்டிய அவசியமே இருக்கவில்லை. ‘பிசி பிசினஸ் வேர்ல்ட்’ என்ற பத்திரிகையின் சந்தாதாரர் பட்டியல் காசு கொடுத்து வாங்கப்பட்டிருந்தது. எய்ட்ஸ் குறித்த சர்வதேச மாநாட்டில் கலந்துகொண்டவர்களின் பட்டியலும் அனுப்பியவர் கையில் இருந்தது. ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா வரை உறைகள் போய்ச் சேர்ந்தன. அமெரிக்காவுக்கு மட்டும் அனுப்பப்படவில்லை.

உறையில் இருந்த தாளுக்கு இரண்டு பக்கம். ஒரு பக்கம், ஃபிளாப்பியை எப்படி நிறுவுவது என்ற குறிப்பு. மறுபக்கம், பொடி எழுத்தில் உரிம ஒப்பந்தம். அதை முழுக்கப் படித்தவர்கள் மட்டும் பிழைத்திருப்பார்கள். இந்த நிரலை நிறுவினால் குத்தகைப் பணம் கட்டவேண்டும், கட்டாவிட்டால் உங்கள் கணினியில் உள்ள மற்ற நிரல்களையும் பாதிக்கும் ஏற்பாடு இதில் இருக்கிறது, கணினி ஒழுங்காக வேலை செய்யாமல் போகும் என்று அதிலேயே எழுதியிருந்தது. ஒப்பந்தத்தை மீறினால் மனசாட்சி ஆயுள் முழுக்க உறுத்தும் என்று ஒரு சாபம் வேறு! கன்னம் வைப்பதற்கு முன் வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் கொடுத்த கள்ளன் இவனாகத்தான் இருப்பான்.

நிறுவியவர்களுக்கு ஏமாற்றம் இல்லை. கேள்வித்தாள் சொன்னபடியே ஓடியது. வயது என்ன, பழக்கவழக்கம் என்ன என்று கேட்டுவிட்டு, ஆபத்தின் அளவையும் ஆலோசனையையும் திரையில் காட்டியது. போட்டுப் பார்த்தவர்கள் திருப்தியோடு ஃபிளாப்பியை எடுத்து உறையில் போட்டார்கள். அதற்குள் கள்ளன் வீட்டுக்குள் படுக்கை விரித்திருந்தான்.

அவன் ஒளிந்திருந்த இடத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். அன்றைய டாஸ் கணினிகளில் ‘ஆட்டோஎக்ஸெக்.பேட்’ என்று ஒரு கோப்பு உண்டு. கணினியை முடுக்கும்போதெல்லாம் அதில் எழுதியிருக்கும் கட்டளைகள் வரிசையாக நடக்கும். ஒரு வரி ‘ரெம்’ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கி, அடுத்து ஓர் இடைவெளி வந்தால், அது வெறும் குறிப்பு. மனிதர் படிப்பதற்காக எழுதியது. கணினி அதைத் தாண்டிப் போய்விடும்.

எய்ட்ஸ் ஃபிளாப்பி பழைய ஆட்டோஎக்ஸெக் கோப்புக்கு ‘ஆட்டோ.பேட்’ என்று பெயர் மாற்றிவிட்டு, அந்த இடத்தில் தன் கோப்பை வைத்தது. அதில் ஒரு ‘ரெம்’ வரி. ‘வசதிக்காக ஆட்டோஎக்ஸெக்.பேட்டுக்குப் பதில் ஆட்டோ.பேட்டைப் பயன்படுத்தவும்’ என்று பணிவாக ஒரு குறிப்பு. படிப்பவருக்கு அதில் குற்றம் சொல்ல எதுவுமே இல்லை. ஆனால், ‘ரெம்’முக்குப் பக்கத்தில் இருந்தது இடைவெளி அல்ல. கணினியின் எழுத்துப் பட்டியலில் 255-ம் எண்ணுக்கு உரிய எழுத்து. திரையில் அது வெற்றிடமாகத்தான் தெரியும். கணினிக்கோ அது ‘அ’ போல, ‘ஆ’ போல முழு எழுத்து. ஆகவே, மனிதர் ‘ரெம்’ என்ற குறிப்பைப் படித்த அதே இடத்தில், கணினி வேறொரு பெயரைப் படித்தது. அந்தப் பெயரில் ஒரு நிரல் ஒளிந்திருந்தது. அது குடியிருந்த ஃபோல்டரின் பெயரும் இதே கண்ணுக்குத் தெரியாத எழுத்துதான்!

அந்த நிரலுக்கு ஒரே வேலை, எண்ணுவது. கணினியை எத்தனை முறை முடுக்குகிறார்கள் என்று எண்ணிக்கொண்டே இருந்தது. பெரும்பாலும் 90-வது முறை அதன் பொறுமை முடியும். நாளைக்கு ஒரு தடவை போடுகிறவருக்கு மூன்று மாதம். அடிக்கடி அணைத்துப் போடுகிறவருக்குச் சில வாரங்கள். ஃபிளாப்பியைப் போட்டதே மறந்துபோயிருக்கும்.

நாள் வந்ததும், வன்தட்டில் உள்ள கோப்புகளின் பெயர்களையெல்லாம் வேறு எழுத்துகளாகக் குழப்பி, கோப்புகளைக் கண்ணில் படாமல் மறைத்தது. பிறகு திரையில் ஓர் அறிவிப்பு: மென்பொருள் குத்தகை முடிந்துவிட்டது, பிரிண்டரைப் போடுங்கள். போட்டால் பில் அச்சாகி வந்தது. 365 தடவை பயன்படுத்த 189 டாலர். வன்தட்டின் ஆயுள் முழுக்க வேண்டுமென்றால் 378 டாலர். பணத்தைப் பனாமா நாட்டில் உள்ள ஒரு தபால் பெட்டிக்கு அனுப்பவேண்டும். இன்று ரான்சம்வேர் என்று நாளிதழ்களில் அடிபடும் மிரட்டல் தொழிலுக்கு இந்த பில்தான் மூத்த தாத்தா.

இதில் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. கோப்புகளின் பெயர்தான் குழம்பியதே தவிர, உள்ளே இருந்த எதுவும் கெடவில்லை. ஜிம் பேட்ஸ் என்ற பிரிட்டிஷ் நிபுணர் நிரலைப் பிரித்து மேய்ந்து, எந்த எழுத்துக்குப் பதில் எந்த எழுத்து என்று கண்டுபிடித்துவிட்டார். பூட்டிய சாவி பூட்டுக்குள்ளேயே இருந்தது. ஃபிளாப்பியின் நிரலை அகற்ற ஒன்று, குழம்பிய பெயர்களைச் சரிசெய்ய ஒன்று என்று இரண்டு நிரல்கள் எழுதி அவர் இலவசமாகவே கொடுத்தார்.

ஆனால், பயம் யாரை விட்டது? மருந்து வரும்வரை காத்திருக்காமல் வன்தட்டையே துடைத்து அழித்தவர்கள் உண்டு. இத்தாலியில் ஓர் ஆய்வு அமைப்பு பத்தாண்டு எய்ட்ஸ் ஆராய்ச்சித் தகவலை இழந்துவிட்டதாக அப்போது செய்தி வந்தது. ஃபிளாப்பி தொடங்கிவைத்த நாசத்தைப் பயனாளரின் கையே முடித்துவைத்தது.

அனுப்பியவர் யார்? பிரிட்டிஷ் போலீசின் கணினிக் குற்றப் பிரிவு தேடத் தொடங்கியது. ஆள் சிக்கியது வேறு வழியில். ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்தில் ஓர் அமெரிக்கப் பயணி தாறுமாறாக நடந்துகொண்டார். பையைச் சோதித்தபோது பிசி சைபோர்க் கம்பெனியின் முத்திரை கிடைத்தது. பெயர் ஜோசப் பாப். ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கிய பரிணாம உயிரியலாளர். கென்யாவில் பபூன் குரங்குகளை ஆராய்ந்தவர். 1990-ல் ஒஹையோ மாநிலத்தில் கைதாகி, அடுத்த ஆண்டு பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டார்.

கணினிக் குற்றத்துக்கென்று பிரிட்டனில் தனிச் சட்டம் வந்தது 1990-ல்தான்; ஃபிளாப்பிகள் அதற்கு முன்பே போய்விட்டன. எனவே, மிரட்டிப் பணம் பறித்தல் என்ற பழைய பிரிவில்தான் வழக்கு. வசூலாகும் பணம் எய்ட்ஸ் ஆராய்ச்சிக்குப் போவதற்காகவே என்று அவர் தரப்பில் சொன்னார்கள். அவரோ தாடியில் முடிச்சுருளைகளை மாட்டிக்கொண்டும், தலையில் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துக்கொண்டும் திரிந்தார் என்று அன்றைய செய்திகள் சொல்கின்றன. 1991 நவம்பரில், விசாரணையைத் தாங்கும் மனநிலையில் இவர் இல்லை என்று நீதிபதி தீர்மானித்து, ஊருக்கு அனுப்பிவிட்டார். நியூயார்க் மாநிலத்தின் ஒனியான்டா ஊரில் பாப் பெயரால் ஒரு வண்ணத்துப்பூச்சிக் காட்சியகம்கூட அமைந்தது.

பாப் போனார். அவர் கையாண்ட வித்தை போகவில்லை. பார்ப்பவருக்கு ஒன்றைக் காட்டி, கணினிக்கு வேறொன்றைச் சொல்வது என்ற அந்த வித்தை பத்தாண்டு கழித்து மணிலாவில் புது வேஷம் கட்டியது. இந்தத் தடவை தபால்தலை செலவுகூட இல்லை.

2000 மே 4. ‘ஐ லவ் யூ’ என்ற தலைப்போடு ஒரு மின்னஞ்சல். இணைப்பாக ஒரு காதல் கடிதம். கோப்பின் பெயர் ‘டாட் டிஎக்ஸ்டி’ என்று முடிவதுபோல் தெரிந்தது. வெறும் எழுத்துக் கோப்பு என்றால் அதில் என்ன ஆபத்து என்று திறந்தார்கள். முழுப் பெயரில் அதற்குப் பின்னால் ‘டாட் விபிஎஸ்’ என்று ஒரு வால் இருந்தது. விபிஎஸ் என்றால் ஓடக்கூடிய நிரல். அந்த வாலை மறைத்தது வைரஸ் அல்ல, விண்டோஸ்! கோப்பின் கடைசிப் பகுதி சாதாரணப் பயனாளருக்குத் தொந்தரவு என்று கருதி, தெரிந்த வகைக் கோப்புகளின் வாலை மறைப்பதையே அது வழக்கமாக வைத்திருந்தது. பாப் 255-ம் எழுத்தைத் தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது. மணிலா இளைஞருக்கு அந்த வேலையும் மிச்சம்.

திறந்தவர்களின் ஜேபெக் படங்கள் அழிந்து, அவற்றின் இடத்தில் வைரஸின் பிரதி உட்கார்ந்தது. எம்பி3 பாட்டுகள் மறைந்துகொண்டன. அவுட்லுக் முகவரிப் புத்தகத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அதே காதல் கடிதம் பறந்தது. முந்தைய ஆண்டு வந்த மெலிசா வைரஸ்கூட முதல் 50 பேரோடு நிறுத்திக்கொண்டது. காதல் கடிதம் தெரியாத ஆளிடமிருந்து வரவில்லை. மேலாளரிடமிருந்து வந்தது, பக்கத்து சீட்டுக்காரரிடமிருந்து வந்தது. பென்டகனும் பிரிட்டிஷ் நாடாளுமன்றமும் மின்னஞ்சலை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று.

சில நாளிலேயே போலிகள் கிளம்பின. ஒன்று அன்னையர் தினத்தைப் பிடித்துக்கொண்டது. ‘வைர நகைக்காக உங்கள் கிரெடிட் கார்டில் 326.92 டாலர் எடுத்திருக்கிறோம், ரசீது இணைப்பில்’ என்றது. வாங்காத நகைக்குப் பணம் போனால் யார் சும்மா இருப்பார்? இன்னொன்று, வைரஸ் எச்சரிக்கை என்ற பெயரிலேயே வந்தது. காதலில் விழாதவர் கோபத்தில் விழுந்தார். கோபப்படாதவர் எச்சரிக்கையாக இருக்கப் போய் விழுந்தார்.

காதல் கடித வைரஸை எழுதியவர் ஓனல் டி குஸ்மான், கணினிக் கல்லூரி மாணவர். பிலிப்பைன்சில் அப்போது இதைத் தண்டிக்கச் சட்டமே இல்லை. அது வந்தது ஜூன் 14-ல். வழக்கு தள்ளுபடியானது. ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்து, மணிலாவில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தவரைத் தேடிப் போன ஒரு பிரிட்டிஷ் பத்திரிகையாளரிடம், எழுதியது தான்தான் என்று அவர் ஒப்புக்கொண்டார்.

அதே வித்தைதான் இன்று நம் கைபேசிக்கும் வருகிறது. வாட்ஸ்அப்பில் ‘கல்யாணப் பத்திரிகை’ என்றும், ‘போக்குவரத்து அபராத ரசீது’ என்றும் வருகிற கோப்பின் பெயர் ‘டாட் ஏபிகே’ என்று முடிந்தால், அது பத்திரிகையும் அல்ல, ரசீதும் அல்ல; ஆண்ட்ராய்டில் நிறுவப்படக் காத்திருக்கும் செயலி. பெயரின் முன்பாதியை யாரும் எப்படியும் எழுதலாம். உண்மையைச் சொல்வது கடைசிப் புள்ளிக்குப் பின்னால் உள்ள மூன்று, நான்கு எழுத்துகள்தான்.

விண்டோஸோ அந்த வாலை இன்னமும் மறைத்துத்தான் தருகிறது. விண்டோஸ் 11 வைத்திருப்பவர்கள் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, ‘வியூ’, அதில் ‘ஷோ’, அதில் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். அரை நிமிட வேலை. பணம் ஏற்கெனவே பறிபோயிருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

பாப் செய்த தவறு, சாவியைப் பூட்டுக்குள்ளேயே விட்டுப் போனது. 1996-ல் ஆடம் யங், மோட்டி யுங் என்ற இரண்டு ஆய்வாளர்கள், சாவியைக் கள்ளன் தன்னிடமே வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று ஓர் ஆய்வுக்கட்டுரையில் எழுதிக்காட்டினார்கள். 2017 மே 12 அன்று அதுவே நடந்தது. அந்த வானாக்ரை கதை அடுத்த வாரம்.