பெயர் மாற்றமும் படச் சிதைவும்

இலக்கமுறைக் கமராவினால் எடுக்கப்பெற்ற படங்கள் பலவற்றின் பெயர்களை ஒருங்கே மாற்றுங்கால், படத்தின் தெளிவு குன்றுமோ, கோப்பின் அளவு குறையுமோ என்னும் ஐயம் கற்றோரிடையேயும் நிலவுகின்றது. இதனை ஆராய்ந்து தெளிதல் பயனுடைத்து. பரிசளிப்பு விழாவிலும் இல்ல மெய்வல்லுநர் போட்டியிலும் எடுக்கப்பெறும் படங்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கிற் சேருகின்றன. அஞ்சியோ சோம்பியோ அவற்றைப் பெயரிடாது விடின், பின்னொரு நாளில் நூற்றாண்டு மலர் தொகுப்போர் ஒரு மாணவனின் முகத்தைத் தேடுங்கால் அவர்க்குக் கிடைப்பது பொருளற்ற எண்வரிசை ஒன்றேயாம்.

பெயர்களை இடுகுறி, காரணம் எனப் பகுத்தல் நம் இலக்கண மரபு. கமரா தானாக இடும் பெயர் தூய இடுகுறி. 1998 இல் யப்பானில் வகுக்கப்பெற்ற டிசிஎஃப் என்னும் நெறியின்படி அப்பெயர் எட்டு எழுத்துடையது. முதல் நான்கு கமராவின் விருப்பம். பின் நான்கு, 0001 முதல் 9999 வரையான எண். எண்ணிக்கை நிரம்பியதும் கமரா மீண்டும் 0001 இல் தொடங்கும். ஆகவே ஒரே கமரா சில ஆண்டுகளில் ஒரே பெயருடைய இரு படங்களைத் தந்துவிடும். ஒரே நிறுவனத்தின் இரு கமராக்கள் முதல் நாளிலேயே தந்துவிடக்கூடும். இவற்றைக் காரணப்பெயர்களாக்குதலே நாம் மேற்கொள்ளும் தொழில்.

இனி, பெயர் எங்கே உறைகின்றது என வினவுவோம். அது படத்தினுள் இல்லை. கமராவின் நினைவட்டைகள் பலவற்றில் வழங்கும் ஃபற் முறையில், ஒவ்வொரு கோப்புக்கும் அட்டவணையில் 32 பைற்று நீளமுள்ள ஒரு பதிவு உண்டு. அதன் முதல் 11 பைற்றுகள் பெயர். இறுதி 4 பைற்றுகள் கோப்பின் அளவு. இடையில், படத்தின் தரவு அட்டையில் எங்கே தொடங்குகின்றது என்னும் குறிப்பு உள்ளது. நீண்ட பெயராயின் அதற்கென மேலும் சில பதிவுகள் சேரும். பெயரை மாற்றும்போது மாறுவன இவ்வட்டவணைப் பதிவுகளே. 1970 களின் யூனிக்ஸில் இப்பிரிவு இன்னுந் தெளிவு: அட்டவணையின் ஒரு பதிவு 16 பைற்று, 14 பெயருக்கு, 2 ஓர் எண்ணுக்கு. அளவும் இருப்பிடமும் அவ்வெண் சுட்டும் வேறோரிடத்தில் இருந்தன. சுவடியின் மேற்சட்டத்தில் எழுதிய பெயரை அழித்து வேறு பெயர் எழுதினால் உள்ளேயுள்ள ஏடுகளில் ஓரெழுத்தும் அசைவதில்லை. அது போன்றதே இதுவும்.

அங்ஙனமாயின் மக்களிடையே இவ்வச்சம் எவ்வாறு தோன்றிற்று? பெயர் மாற்றத்தோடு வேறொரு செயலும் கலந்தமையே காரணம். 1992 இல் நியமமாகிய ஜேபெக் முறை, படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அலைவுகளின் கூட்டாக மாற்றி, வரும் எண்களை வகுத்து முழுவெண்களாக்கி எழுதுகின்றது. அங்ஙனம் எறியப்பட்ட பின்னம் மீளாது. படத்தைத் திறந்து வேறு பெயரிற் சேமிப்பவர் இவ்வேலையை மறுபடியும் செய்விக்கின்றார். அதனால் தெளிவு குன்றலாம், அளவும் மாறும். இர்ஃபான்வியூ போன்ற செயலிகளில் தொகுதியாகப் பெயர் மாற்றலும் தொகுதியாக உருமாற்றலும் ஒரே சாளரத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. பிழையான தெரிவைச் சொடுக்கியவர் படம் கெட்டதென்று பெயரின்மேற் பழி சுமத்துவார். வட்ஸ்அப் வழியே சாதாரணமாக அனுப்பிய படமும் மீளச் சுருக்கப்பட்டதே. அதற்கு எப்பெயர் இட்டும் பயனில்லை.

உறுதிப்படுத்த விரும்புவோர்க்கு எளிய சோதனை உண்டு. எஸ்எச்ஏ-256 என்னும் கணிப்பு, ஒரு கோப்பின் எல்லாப் பைற்றுகளையுங் கொண்டு 64 இலக்க அடையாளம் ஒன்றைத் தரும். பெயரை மாற்றுமுன் ஒருகாலும் மாற்றியபின் ஒருகாலும் கணித்துப் பார்க்க. இரண்டும் ஒன்றாகவே இருக்கும். மீளச் சேமித்த கோப்பிலோ அடையாளம் முற்றாக வேறுபடும்.

எனவே அஞ்சத்தக்கது தெளிவின் இழப்பன்று; படமே அழிதல். லினக்ஸில் எம்வி என்னும் கட்டளை, புதிய பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருப்பின், இயல்பு நிலையில் ஒரு சொல்லும் கேளாது அதனை நீக்கி அவ்விடத்தில் இதனை வைத்துவிடும். 001 முதல் 200 வரை எண்ணிட்ட படங்கள் உள்ளன. தொடக்கத்திற் சேர்க்கவேண்டிய படமொன்று பின்னர் கிடைக்கின்றது. ஆகவே ஒவ்வொன்றையும் ஓரெண் தள்ள நினைக்கின்றோம். 001 ஐ 002 ஆக்கியதும் பழைய 002 மறையும். அதனை 003 ஆக்கியதும் பழைய 003 மறையும். இறுதியில் 201 என்னும் பெயரில் எஞ்சி நிற்பது பழைய 001 ஒன்றே. ஏனைய 199 படங்களும் போயின! கடைசி எண்ணிலிருந்து பின்னோக்கித் தொடங்கினால் இவ்விடர் இல்லை. அதனினும் நன்று, எல்லாவற்றுக்கும் முதலில் தற்காலிகப் பெயரிட்டு, அடுத்த சுற்றிற் புதுப்பெயர் இடுதல். எவ்வாறாயினும் வேறொரு வட்டிற் படி ஒன்று வைத்தபின்னரே தொடங்குக.

காரணப்பெயருக்குச் சிறந்த அடிப்படை எடுத்த நேரம். அதனைக் கமரா எக்ஸிஃப் என்னும் குறிப்பாகக் கோப்பினுள்ளேயே எழுதிவைக்கின்றது. ஆண்டு, மாதம், நாள் என்னும் ஒழுங்கில் அமைத்தால் அகரவரிசையே காலவரிசையாகும். எக்ஸிஃப் குறிப்பிலுள்ள முக்காற்புள்ளியை விண்டோஸ் பெயரில் ஏலாது, சிறுகோடு இடுக. ஓட்டப்போட்டியின் முடிவில் ஒரு விநாடிக்குள் பத்துப் படம் எடுப்பவர் உளராதலின், நேரத்தின் பின் தொடரெண்ணும் வேண்டும். இரு கமராக்களின் கடிகாரங்கள் முரண்படின், பரிசு பெறுதல் ஓட்டத்துக்கு முந்திவிடும்! நம் நாட்டின் நியமநேரம் 2006 ஏப்பிரலில் அரைமணி பின்னே தள்ளப்பட்டது. அக்காலத்துப் படங்களைத் தொகுப்போர் இதனை நினைவிற் கொள்க. நேரவலயத்தைக் குறிக்கும் இடம் எக்ஸிஃபில் 2016 இலேதான் வந்தது.

இவ்வேலையை ஃபில் ஹார்வி என்பார் ஆக்கிய எக்ஸிஃப்டூல் செவ்வனே செய்யும். எளிய தேவைக்கு விண்டோஸில் எல்லாவற்றையும் தெரிந்து எஃப்2 விசையை அழுத்திப் பெயர் எழுதினாற் போதும்; ஆயின் அது 001 என்னாது 1 என்றே எண்ணிடுவதால், சில செயலிகளில் 10 ஆனது 2 இற்கு முன் நிற்கும். மக் கணினியின் ஃபைண்டரிலும் 2014 முதல் இவ்வசதி உண்டு.

பெயரைத் தமிழில் எழுதலாமோ எனின், எழுதலாம். லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைகளில் ஒரு பெயருக்கு 255 பைற்று எல்லை. விளையாட்டு என்னுஞ் சொல் மட்டும் 30 பைற்று கொள்ளும் என்பதை மறவாதிருத்தல் வேண்டும். இன்னொரு நுட்பமும் உண்டு. போட்டி என்பதன் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் இரு குறியீடுகளாகவும் யூனிகோடில் எழுதலாம். மக் கணினியின் பழைய கோப்பு முறை பிரித்தே எழுதிற்று. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரு பெயர்கள் கணினிக்கு வேறாகி, தேடல் பொய்க்கக்கூடும். பல கணினிகளிற் புழங்கவுள்ள தொகுதிக்குத் திகதியையும் எண்ணையும் பெயராக வைத்து, ஓட்டத்தின் பெயரையும் மாணவர் பெயர்களையும் தனிப் பட்டியலில் எழுதுதலே என் விருப்பம். அப்பட்டியலின் முதல் நிரலிற் பழைய பெயரையும் குறித்துவைத்தால், தவறு நேர்ந்தவிடத்து ஒவ்வொரு படத்தையும் முன்னைய பெயருக்கு மீட்கலாம்.